கழுத்துப் பக்கம் வெட்டிப் பார்த்தது

பினாங்குக்கு வந்த புதிதில் மூன்று நாள் எனக்குத் தோல் நாற்றம் தெரிந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி மதிலை ஒட்டின வீட்டில் பிறந்து, மீசை முளைக்குமுன்பே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவனுக்கு அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகும்போதுதான், நம்மிடம் ஏதோ வீசுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன். இங்கே நம் ஆவாரம் பட்டை கிடையாது. கடலோரச் சேற்றில் வேரூன்றி நிற்கிற பாக்காவ் என்ற மரத்தின் பட்டையில் தோலை ஊறப்போடுகிறார்கள். தொட்டித் தண்ணீர் இரத்தம்போல் சிவந்து கிடக்கும். அதன் வாடை வேறு. முதல் நாள் வாந்தி எடுத்தேன். நாலாம் நாள் காலையில் தொட்டி ஓரம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மூக்கு பழகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

எஸ்தர், தாவீது, உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். கடல் தாண்டிப் போன தகப்பன்மாருடைய பிள்ளைகள் யார் வாசித்தாலும் சரிதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை இங்குள்ள தமிழ்ச் சபைக்கு மூப்பராக வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீங்கள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டதாகச் சித்தி எழுதியிருந்தாள். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைப் பிறத்தியார் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது.

உங்கள் அம்மா இருந்தபோது நான் ஜெபம்பண்ணினால் தெருக்கோடிக்குக் கேட்கும். கையை உயர்த்தி, கண்ணீர் விட்டு, அரை மணி நேரம் விடமாட்டேன். அவளோ அடுப்பில் உலை கொதிக்கும்போதே கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்னிக்கும் நீரே பாத்துக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அரிசியைப் போடுவாள். உனக்கு ஆவிக்குரிய வளர்ச்சி போதாது என்று நான் ஒருநாள் கண்டித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நீங்க ஜெபம் பண்றீங்களா, தோல் ஏலம் வுடறீங்களா? ஏலத்துலதான் ஜாஸ்தி கூவுனவனுக்குச் சரக்கு. அவரு காது நல்லாதான் கேக்கும்." நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் அஞ்சு நாள் காய்ச்சலில் போனாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலாற்று மணலைத் தாண்டிக் கொண்டுபோய் அடக்கம்பண்ணினோம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மண்வெட்டியின் பிடி கழன்று ஆடுகிறதே, ஒரு ஆப்பு அடித்தால் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள், என்ன விசுவாசம் பாருங்கள் இந்த மனுஷனுக்கு என்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் வருஷக்கணக்காக வேலை செய்தவன் விரல் நுனி மரத்துப்போகும். சுடுகிற டம்ளரைப் பிடித்திருப்பான், ஆவி பறப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அது சூடு என்று அறிவான். அன்றிலிருந்து என் ஜெபம் அப்படி ஆகிவிட்டது. காலையும் மாலையும் முழங்காலில் நிற்பேன். வார்த்தை வரும், போகும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூன்று வருஷம்.

இந்த ஊரில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் போவேன். அதைப் பக்குவம் என்று எடுத்துக்கொண்டார்கள். சபையை நடத்துகிற பாதிரி ஐயர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவதும் தமிழ்தான், ஆனால் பாதி எனக்கு இரண்டாம் தரம் சொன்னால்தான் பிடிபடும். என்னை மூப்பராக வைக்க விரும்புவதாகச் சொன்னார். இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பராகிறவன் அதற்கு முந்தின ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று, கர்த்தர் தன்னை எப்படி வளர்த்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அறைக்குத் திரும்பினதும் கரீம் பாயிடம் சொன்னேன். கரீம் பாய் யார் என்றால், வேலூர் லாங் பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்து, இங்கே வந்து பெல்ட்டும் பையும் தைத்து விற்கிறவர். இருவருக்கும் ஒரே அறை. "இன்னா மேஸ்திரி, பெரிய மன்ஷனாயிடுவ போல கீதே. அப்பால இந்த தோஸ்தைக் கண்டுக்குவியா, மாட்டியா?" என்று தொடையில் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன். சாட்சிக்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தேன். பழைய நாளில் ஆம்பூரில் சொன்னதையே சொன்னால் போதும். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த வாரம்தான் டேனரியில் நான் செய்திருந்த ஒரு தப்பு வெளியே வந்தது. மூன்று வாரம் முன்னால், இயந்திரம் ஓட்டும் பெல்ட்டுக்காக எருமைத் தோல் சீக்கிரம் வேண்டும் என்று எங்கள் சீன முதலாளி அவசரப்படுத்தினார். முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். தோல் வேலை தெரியாத பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். பச்சைத் தோலை முதலில் பழைய, சத்துப்போன பட்டைத் தண்ணீரில் போட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பட்டை போட்ட காரமான தண்ணீருக்கு மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் காரத் தண்ணீரில் போட்டால் மேல் தோல் சட்டென்று இறுகிக்கொள்ளும். பார்வைக்கு அருமையாக இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். ஆனால் இறுகின மேல் தோலைத் தாண்டிச் சாறு உள்ளே போகாது. நடுவில் பச்சையாகவே நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் காரத் தண்ணீரில் போட்டேன். மூன்றாம் வாரம் ஒரு தோலை வெளியே எடுத்து, ஓரம் வெட்டிப் பார்த்தேன். உள்ளே வரை சிவப்பு. ஆயிற்று என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டேன்.

வயிற்றுப் பக்கம் வெட்டினேன், பிள்ளைகளே. அங்கே தோல் மெல்லிசு. சாறு இரண்டு பக்கமும் சுலபமாய்ப் போய்ச் சேரும். வெட்டிப் பார்க்கிறவன் கழுத்துப் பக்கம்தான் வெட்ட வேண்டும், அங்கேதான் கனம். இது தொட்டி கழுவுகிறவனுக்குக்கூடத் தெரியும். என் கை தானாக வயிற்றுப் பக்கம் போயிற்று.

என்னோடு வேலை செய்கிற ஆசெங் என்ற சீனன் கத்தியை என் கையிலிருந்து வாங்கினான். கழுத்தில் ஒரு துண்டு வெட்டினான். இரண்டு பக்கமும் நகக்கண் அளவு சிவப்பு, நடுவில் தேங்காய்ப் பத்தைபோல் வெள்ளை. அவன் சிரித்தான். என்னைக் கேலி செய்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது, தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். இந்த ஜனங்கள் சங்கடப்பட்டாலும் சிரிப்பார்கள் என்பது அப்புறந்தான் தெரிந்தது. அவன் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "பெலும்" என்றான். மலாய் வார்த்தை, இன்னும் இல்லை என்று அர்த்தம். சாப்பிட்டாயா என்று கேட்டாலும், ஐம்பது வயதுப் பிரம்மசாரியைக் கலியாணம் ஆயிற்றா என்று கேட்டாலும் இங்கே பெலும் என்பார்கள். ஒரேயடியாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பிறகு அவன் அந்தத் தோல்களை இழுத்து வெறும் தண்ணீரில் அலசப் போட்டான். பாழாய்ப்போன சரக்கு, இனி எதற்கு என்று நான் சைகையில் கேட்டேன். அவன் பழைய தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். கரீம் பாய் வியாபாரத்துக்கென்று ஆம்பூரிலிருந்து கப்பலில் வரவழைத்த ஆவாரம் பட்டையில் ஒரு மூட்டை என்னிடம் இருந்தது. அது பாக்காவைப்போல் முரடு இல்லை. அதை இடித்து அந்தத் தொட்டியில் கலந்தேன். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு ஆசெங் தோளைக் குலுக்கினான். தவுக்கே என்னைத் திட்டினார், மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கினார், அது நியாயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐயர் என் பேரைச் சொன்னார். எழுந்து நின்றேன். மனப்பாடம் பண்ணினதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சட்டைப் பையில் கை விட்டேன். அந்தத் தோல் துண்டு அங்கே கிடந்தது. என்னிலும் வயிற்றுப் பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. கர்த்தர் உம்மில் என்ன வளர்ச்சியைத் தந்தார் என்று சொல்லும் என்றார் ஐயர்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

ஐயர் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். நான் சொன்னேன்: "எனக்கு உள்ள ஒண்ணும் தெரியலீங்க ஐயரே. சம்சாரம் போனதுலேர்ந்து மூணு வருஷமா ஜெபத்துல ஒண்ணும் தோணல. முட்டி போடறதை மட்டும் நிறுத்தல. வளத்தா அவரு வளக்கணும். என் கையில இல்ல."

உட்கார்ந்தேன். யாரோ இருமினார்கள். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ஆராதனை முடிந்து ஐயர் வாசலில் என்னை நிறுத்தினார். "இதை எனக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். கோபமா வருத்தமா என்று அவர் பேச்சில் எனக்கு விளங்கவில்லை. மூப்பர் காரியம் இப்போதைக்கு இருக்கட்டும் என்றார். காலையில் வந்து கோயில் கதவைத் திறந்து பாய் விரிக்க ஆள் இல்லை, அது செய்வீரா என்று கேட்டார். செய்வேன் என்றேன். அறைக்கு வந்தால் கரீம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "பேஜார் பண்ணிட்டியேப்பா. சும்மா நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தா இன்னா?" கொஞ்ச நேரம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நானுந்தான் அஞ்சு வேளை தொழுவுறேன். பாதி நாள் மனசு பஜார்லதான் கீது. ஆனா போறதை வுடல."

இப்போது தினமும் காலையில் போய்க் கதவைத் திறக்கிறேன். பாய் விரித்தபின் சற்று நேரம் முழங்காலில் நிற்பேன். உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். அரை மணி ஜெபத்துக்கு எனக்குத் தெம்பில்லை, தேவையும் தெரியவில்லை. ஆம்பூரில் நான் வளர்ச்சி வளர்ச்சி என்று என்னையே காரத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். தோல் தன்னைத்தானே பதப்படுத்திக்கொள்வதில்லை, பிள்ளைகளே. அது தொட்டியில் கிடக்கிறது, அவ்வளவுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. நீங்கள் ஜெபிக்கும்போது ஒன்றும் தோன்றாத நாள் வரும். அன்றைக்கு எழுந்து போய்விடாதீர்கள், தோன்றினதாக நடிக்கவும் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதையும் நான் முழுக்க அனுபவித்துச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்லுகிறேன்.

நாலு மாதம் கழித்து, போன வாரம் ஆசெங் அந்தத் தோலில் ஒன்றை வெளியே எடுத்தான். கத்தியை என்னிடம் கொடுத்தான். கழுத்துப் பக்கம் வெட்டினேன். மேலே இந்த ஊர்ச் சிவப்பு. அதற்குள்ளே நம் ஆவாரம் பட்டையின் மஞ்சள், ஆம்பூரில் காயப்போட்ட ஆட்டுத்தோலின் அதே மஞ்சள். நட்ட நடுவில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, எந்த ஊர்ப் பட்டையும் இன்னும் போய்ச் சேராத இடம். ஆசெங் என் முகத்தைப் பார்த்தான். நானே பெலும் என்றேன். அந்தத் துண்டை நீளவாக்கில் இரண்டாக்கி ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கோடு தெரியும். மற்றது என் சட்டைப் பையில் இருக்கிறது. தோலை மறுபடியும் தொட்டியில் இறக்கிவிட்டோம்.