பொட்டு வைத்த பல்சக்கரங்கள்

அயனம்பாக்கத்து அகல்யா நல்ல ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கலைக் கண்காட்சிகளை அமைக்கும் க்யூரேட்டர் ஆகிறேன் என்று கிளம்பினாள். வீட்டில் நடந்த ரகளையை விடுங்கள். ஒரு வருஷம் எந்த கேலரியும் அவளைச் சீந்தவில்லை. அனுபவம் இல்லாதவளுக்கு வாய்ப்பு தரமாட்டார்களாம். வாய்ப்பே தராவிட்டால் அனுபவம் என்ன வானத்திலிருந்தா குதிக்கும்?

கடைசியில் ஓர் அறக்கட்டளை கைகொடுத்தது. புதிய க்யூரேட்டர்களுக்கென்றே உள்ள திட்டம் அது. கண்காட்சியை அவரவர் பேட்டையிலேயே நடத்த வேண்டும், செலவு அறக்கட்டளையுடையது. ஒழுங்காக நடத்திக் காட்டினால் மேலும் ஒரு வருஷம் வழிகாட்டிக் கூடவே வைத்துக்கொள்வார்கள். சொதப்பினால் பழைய கம்பெனி வாசல்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தசரதன் என்பவரின் லேத் பட்டறையில் பின்பக்கக் கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினாள். ஐயப்பன்தாங்கலில் இருக்கும் சிற்பி தீபிகா, பழைய பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துச் செய்த ஆளுயரச் சிற்பங்களைக் கொண்டுவந்து நிறுத்தினாள். விஜயதசமி சாயங்காலம் திறப்பு. நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தவள், அதற்கு முந்தின நாள் என்னவென்று யோசிக்கவே இல்லை. பட்டறைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள்தான்!

விஜயதசமி காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவளுக்குப் பகீரென்றது. ஒரு சிற்பம் பாக்கியில்லை. எல்லாவற்றின் மேலும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. காலடியில் எலுமிச்சம்பழம் வேறு.

"அண்ணே, என்ன இது!" என்று அலறினாள்.

"இன்னாமா இப்டி கேக்குற?" என்றார் தசரதன். "நேத்து ஆயுத பூஜ. லேத்துக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டு இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது? இதுவும் இரும்பு தானே?"

அவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஒரு துணியை எடுத்தாள். தீபிகா வருவதற்குள் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முதல் பொட்டின் பக்கத்தில் போன கை அப்படியே நின்றுவிட்டது. செய்தவளைக் கேட்காமல் வைத்தது தப்பென்றால், கேட்காமல் துடைப்பது மட்டும் சரியா? தீபிகாவுக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"எதையும் தொடாதே, வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் தீபிகா.

சிற்பங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று அகல்யா முடிவே கட்டிவிட்டாள். ஆட்டோவில் வந்து இறங்கிய தீபிகா நேராகச் சிற்பங்களிடம் போனாள். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள்.

"மெழுகு பூசியிருக்கேன், ஒட்டல. துடைச்சா போயிடும்" என்றாள் நிமிர்ந்து. "அண்ணே, எடுத்துடலாமா?"

"தாராளமா எடுமா. சாமி நேத்தே பாத்துக்கினு போயிட்ச்சு" என்று தசரதனே மாலைகளைக் கழற்றத் தொடங்கினார்.

அகல்யாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வர, பூஜைப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

தீபிகா துடைத்துக்கொண்டே பேசினாள். "போன வருஷம் ஒரு பெரிய கேலரியில என் சிற்பத்துல ஒரு சக்கரம் உடைஞ்சுது. அவங்களே ஒட்டவெச்சுட்டு வாயே திறக்கல. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்சப்போதான் பார்த்தேன். அதுலேர்ந்து யார்கிட்டயும் என் சிற்பத்தைக் குடுக்கவே பயம்." துணியை உதறினாள். "பொங்கல் கழிச்சு பாண்டிச்சேரியில எனக்கு ஒரு ஷோ இருக்கு. நீ பண்ணித் தரியா?"

வாய் நிறையப் பொரி, கண் நிறையத் தண்ணீர். அகல்யா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள்.