அத்தாவை மலையில் விட்டுவரப் போன மூன்று நாட்கள்

சென்ற வாரம் ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு மறதி நோய். பிறந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தினமும் அழுகிறாராம். காரில் ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போகலாமா, சாலை எப்படி, தங்க இடம் உண்டா என்று கேட்டிருந்தார். சாலை நன்றாக இருக்கிறது, இடமும் உண்டு என்று இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. அதே மலைக்கு அதே மாதிரி ஒருவரை நானும் ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறேன். இந்த வலைப்பூவில் எத்தனையோ ஊர்களைப் பற்றி அளந்திருக்கிறேன், அந்தப் பயணத்தை மட்டும் எழுதவில்லை. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மலையைக் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் போனேன்.

1984, பிப்ரவரி. எனக்கு முப்பத்துநான்கு வயது. வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் எழுத்தர் வேலை. அத்தாவுக்கு அறுபத்தெட்டு. முப்பது வருடம் ஜவ்வாது மலையில் கடுக்காய் வாங்கியவர். மலை விவசாயிகள் பொறுக்கிக் காயவைத்துக் கொண்டுவரும் காயைத் தரம் பிரித்து வாங்கி, தோல் பதனிடுவதற்காகக் கீழே அனுப்புவார். எங்கள் தெருவில் அவருக்குக் கடுக்காய் பாய் என்றுதான் பெயர். அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

முதலில் பெயர்கள் போயின. பிறகு பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி போயிற்று. தொழுகையில் நிற்கும்போது எத்தனை ரக்அத், எத்தனை சுற்று ஆயிற்று என்று தெரியாமல் விழிப்பார். பக்கத்தில் நின்று நானும் தொழுதால் என்னைப் பார்த்து முடித்துவிடுவார். அதன்பின் தினமும் விடிந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு, "மலைக்குப் போறேன், காய் வந்திருக்கும்" என்று கிளம்ப ஆரம்பித்தார். இரண்டு முறை பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம். ஒருமுறை ரயில் தண்டவாளத்தில். அதற்குப் பிறகு வாசற்கதவைப் பூட்டினோம். சாவி எங்கே என்று கேட்பார். தொலைந்துவிட்டது என்போம். கதவைத் தட்டுவார், மணிக்கணக்காகத் தட்டுவார். வேலூரில் ஒரு டாக்டர் நோய்க்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர் சொல்லி, மருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஓதிப் பார்த்தோம், கயிறு கட்டினோம், எதுவும் கேட்கவில்லை.

"பார்த்தோம், கட்டினோம்" என்று நான் எழுதுவதை நம்பாதீர்கள். பார்த்தது முழுக்க என் மனைவி ரஹீமா. நான் வெள்ளிக்கிழமை அத்தாவைக் குளிப்பாட்டுவேன். மற்ற ஆறு நாளும் மண்டிக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் மதியம் எதற்கோ வீட்டுக்கு வந்தேன். அத்தா உள்ளே இருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ரஹீமா வெளியே திண்ணையில் அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து நின்றபடி தட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், அடுத்த வாய் எடுத்தாள். இவள் இப்படியே போனால் படுத்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது.

தை மாதம் தேன் விற்க ஊருக்கு வந்த வெள்ளையன் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அத்தாவுக்கு இருபது வருடமாகக் காய் கொடுத்த மலை விவசாயி, ஐம்பது வயதிருக்கும். அத்தா இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு, "பாயை எங்க வூட்டுக்கு அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரஹீமாவிடம் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் அத்தாவை மலைக்குக் கூட்டிப் போய் வருகிறேன் என்றேன். அவள் பையில் ஏழு லுங்கி எடுத்து வைத்தாள், ஒரு பொட்டலம் வெல்லமும் வைத்தாள். "ரெண்டு நாளைக்கு ஏழு லுங்கியா?" என்று நான் சிரித்தேன்.

காலை 6.10க்கு வாணியம்பாடியில் ஆலங்காயம் பஸ். பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், ஆளுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. "இது மலைக்குப் போவுமா?" என்று அத்தா கண்டக்டரிடம் நான்கு முறை கேட்டார். நான்காவது முறை கண்டக்டர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு 9.15 வரை காத்திருந்தோம். மேலே போகும் ஜீப்பில் ஆளுக்கு ஐந்து ரூபாய். பன்னிரண்டு பேர், ஒரு ஆடு.

காவலூர் தாண்டியதும் அத்தா லுங்கியிலேயே மூத்திரம் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். டிரைவர் ஜீப்பை ஓரம் கட்டினார்.

"எறங்கி மாத்திட்டு வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

"மன்னிச்சுக்கங்க, வயசானவரு" என்றேன்.

"எங்கப்பாவும் இப்படித்தான் கீறாரு. இன்னா பண்றது."

ஒரு ஓடையில் வைத்து அத்தாவைக் கழுவி லுங்கி மாற்றினேன். குளிரில் நடுங்கினார். என் தலையில் இரண்டு அடி வைத்தார். வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் நான் அவரைக் கழுவியது அதுதான் முதல் தடவை. ரஹீமா என்றால் எப்படிச் சமாளித்திருப்பாள் என்று யோசித்தேன். மாமனாருக்கு மருமகள் செய்யக்கூடிய வேலையா இது? அதைப் பற்றி ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. மாலைக்குள் ஏழில் ஐந்து லுங்கி நனைந்துவிட்டது.

ஜமுனாமரத்தூருக்கு முன்பே இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வெள்ளையனின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வழியெல்லாம் அறுவடையான சாமைக் கொல்லைகள், புளியமரங்கள். அத்தா முப்பது வருடம் நடந்த பாதை. ஊரையும் பாதையையும் பார்த்தால் ஏதாவது நினைவு வரும், மனசு அமைதியாகிவிடும் என்று நம்பித்தான் வந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டார். "இது எந்த ஊரு? எனக்கு நேரமாச்சு. மலைக்குப் போவணும், காய் வந்திருக்கும்" என்றார். மலை மேல் நின்றுகொண்டு மலைக்குப் போக வேண்டும் என்றார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். வெல்லம் கொடுத்ததும் நடந்தார்.

வெள்ளையனின் மனைவி காளியம்மா அவரைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை, என்னைத் தெரிகிறதா என்று கேட்கவில்லை. களத்தில் ஒரு சாக்கை விரித்து ஒரு மூட்டைக் கடுக்காயைக் கொட்டினாள். "காய் வந்துக்கீது பாய், பாருங்க" என்றாள். அத்தா சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்தார், உருட்டினார், ஓரத்தில் கடித்தார், வலப்பக்கம் வைத்தார். கெட்டியாய் மஞ்சள் தட்டியது வலப்பக்கம், கறுத்துச் சுருங்கியது இடப்பக்கம், புழு துளைத்தது பின்னால். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொடுத்தார்கள், பேசாமல் சாப்பிட்டார். உதவலாம் என்று நான் ஒரு காயை எடுத்து வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். "யாருடா உன்ன இங்க உக்கார வெச்சது?" என்றார். நான் வைத்தது தப்பான குவியலில்தான்.

பொழுது சாயும்போது காளியம்மா மூன்று குவியலையும் ஒரே மூட்டையில் அள்ளிப் போட்டாள்.

"இன்னாம்மா பண்றீங்க? மூணு மணி நேரமா பிரிச்சாரே" என்றேன்.

"நாளைக்கும் அவருக்கு வேல வேணுமில்ல?"

"அவர ஏமாத்துற மாதிரி இல்லையா இது?"

அவள் அள்ளுவதை நிறுத்தவில்லை. "உங்க வூட்ல கதவ பூட்டிட்டு சாவி தொலஞ்சிடுச்சின்னு சொல்றீங்களாமே. எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அது இன்னாவாம்?"

மறுநாளும் அப்படியே நடந்தது. அத்தா ஒருமுறைகூட எங்கேயும் கிளம்பவில்லை. பார்க்கப் பார்க்க என் மனசு தெளிந்தது. இவருக்கு இதுதான் இடம், விட்டுவிட்டுப் போவது பாவம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் வெள்ளையனிடம் விஷயத்தை உடைத்தேன். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன், அரிசியும் துணியும் கொண்டுவருவேன் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஒரு பத்து நாளு வெச்சிக்கினு அனுப்பலாம்னு சொன்னன் பாய். நீங்க ஒரேயடியா வுட்டுட்டுப் போவ வந்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, வுட்டுட்டுப் போங்க. இருக்கற கஞ்சியக் குடிச்சிக்கினு இருப்பாரு. ஆனா அவருகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போவணும். சொல்லாம போனா நான் வெச்சிக்க மாட்டன்."

கீழே போகும் ஜீப் காலை எட்டு மணிக்கு. ஏழு மணிக்கே கிளம்பினால்தான் பிடிக்க முடியும். அத்தா அதற்குள் களத்தில் உட்கார்ந்துவிட்டார். காளியம்மா அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் குந்தி, "நான் போய்ட்டு வர்றேன்" என்றேன். அத்தா என்று கூப்பிட வாய் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். வெளியூர் ஆளிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசினார். "போய்ட்டு வாங்க. எனக்கு இன்னும் வேல கீது. சாயங்காலம் எம்மவன் வருவான், வந்து கூட்டினு போவான்."

"வரலன்னா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

விவரம் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது போல அத்தா சிரித்தார். "வராம எங்க போவான்? சலீம் வருவான்ங்க. நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்."

சலீம் என்பது என் பெயர். என் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். நூறு அடி தாண்டி ஒரு வளைவு. அங்கே நின்றேன். வாட்சில் ஏழு பத்து. நடந்தால் ஜீப் கிடைக்கும் என்று தெரியும். ஏழு இருபதுக்குத் திரும்பி நடந்து களத்துக்கு வந்தேன்.

"அத்தா, நான் சலீம். கூட்டினு போக வந்திருக்கேன்."

கையில் இருந்த காயை வைத்துவிட்டு எழுந்தார். லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "நான் சொல்லல? வந்துட்டான்" என்றார். காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அத்தா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா இவ்ளோ நேரம்?"

வெள்ளையன் அரை மூட்டைக் கடுக்காயைத் தன் தலையில் வைத்துக்கொண்டு எங்களுடன் மூன்று கிலோமீட்டர் வந்தார். காலை ஜீப் போய்விட்டது. மதியம் 2.30க்குத்தான் அடுத்தது. வீடு வர இரவு ஏழு மணி. அத்தா பிரிக்கப் பிரிக்கத் திரும்பக் கலந்து கொட்டியதில் அந்த அரை மூட்டை எங்கள் வீட்டில் ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு கடுக்காயும் மறந்துபோயிற்று. கதவைத் தட்டுவது முழுசாக நின்றது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. அத்தா 1987இல் இறந்தார்.

அம்மாவை அழைத்துப் போக நினைக்கும் அந்த வாசகிக்கு: போங்கள், ஆனால் ஊரைப் பார்த்தால் நினைவு திரும்பும் என்று மட்டும் போகாதீர்கள். விடிகாலையில் கிளம்புங்கள், கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். நீங்கள் நினைப்பதைப் போல மூன்று மடங்கு மாற்றுத்துணி எடுங்கள். முந்தானை முடிச்சில் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு இருக்கட்டும். அவர் கை என்ன வேலை செய்து பழகியதோ அதில் கொஞ்சம் கூடவே கொண்டுபோங்கள், பூ கட்டுவதோ, புளி ஆய்வதோ. என்னைத் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். யார் என்று நீங்களே சொல்லிக்கொண்டு எதிரே போய் நில்லுங்கள், ஒரு நாளைக்குப் பத்து முறை ஆனாலும்.

வீடு வந்த நேரத்தைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. ரஹீமா கதவைத் திறந்தாள். மூன்று நாள் தூங்கிய முகம், தலை சீவிப் பூ வைத்திருந்தாள். என் பின்னால் அத்தாவைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு நொடி வாடியது. உடனே சரிசெய்துகொண்டு, "வாங்க மாமா, தண்ணி குடிங்க" என்றாள். அந்த ஒரு நொடிக்காக அவளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சாப்பாடு முடிந்ததும் எதற்காகப் போனேன் என்பதையும் ஏன் திரும்பினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இனி காலையில் கழுவுவதும் லுங்கி துவைப்பதும் என் வேலை, மண்டியில் கேட்டு மதியத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்கி முடித்தாள்.

"அப்படின்னா, நான் ஒரு நாலு நாளு எங்கம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரட்டுங்களா?" என்றாள்.

அவள் அம்மா வீடு ஆம்பூரில். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டரை வருடமாக அவள் அங்கே போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.