அப்பா ஆக்கிய கீரையும் அம்மா கொட்டிய தண்ணீரும்

“…அவரு ஆக்கிப்போடுறதுல ஒரு குத்தமும் இல்ல மிஸ்ஸி, அம்புட்டும் நல்ல சாப்பாடு, நான்தான் தண்ணியே குடிக்கமாட்டேன்” என்று அம்மா கட்டிலில் படுத்தபடி தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து நெடியும், மூடியிருந்தும் கசிந்த முருங்கைக்கீரை வாசனையும் கலந்து அடித்த அந்த வார்டின் வாசலில், தூக்குச்சட்டியோடு அப்பா வந்து நின்றதை அம்மா கவனிக்கவில்லை. அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.

அந்தக் கீரை எப்படி அப்பாவின் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மலேசியாவின் ஜொகூரில், பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. ஒரு மழை நாளில் லாரி சரிந்து கால் நொறுங்கியதில், அதற்குப் பிறகு கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவவில்லை. தெப்ராவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனார், அப்பா அடுப்படிக்குப் போனார். “என்னண்ணே, கரண்டியில கியரு நல்லா விழுதா?” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சீண்டுவார்கள். “எல்லாம் விழுது தங்கச்சி, ரிவர்ஸ் மட்டுந்தான் விழல” என்று அப்பாவும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருக்காது. சம்பாதிக்க முடியாத மனுஷனுக்குச் சமைப்பது ஒன்றுதான் மிச்சம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் கறிவேப்பிலையைக்கூடத் துடைத்துத் துடைத்துப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மாவுக்கு வயிறு கல்லாகக் கிடக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். கிளினிக் டாக்டர் நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அப்பா உத்தரவு மாதிரி வாங்கிக்கொண்டார். வெள்ளை ரொட்டி வீட்டுக்குள் வருவது நின்றது. தீட்டாத அரிசி வந்தது, சலிக்காத ஆட்டா மாவு வந்தது, கொய்யாவைத் தோலோடும் விதையோடும் தின்ன வேண்டும் என்று சட்டம் வந்தது. வாழைப்பூ, கொண்டைக்கடலை, கங்கோங் கீரை என்று தினம் ஒன்று. ‘நார்’ என்றால் கையில் இழுத்தால் வரவேண்டும் என்று நம்பியவர், பசாரில் மற்றவர்கள் ஒதுக்கிப்போட்ட முற்றிய அவரைக்காயாகத் தேடி எடுப்பார். காய் விற்கிற மலாய்க்கார அத்தை, ‘மாக்சிக்’, வாயில் கைவைத்துப் பார்ப்பார். “என்னைய வச்சுக் கயிறு திரிக்கப் போறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அம்மா அத்தனையையும் மென்று முழுங்குவார்.

அந்த மாக்சிக்தான் அப்பாவுக்கு ‘லாவாஸ்’ என்ற சொல்லைக் கொடுத்தார். வயிறு இளகிப் போவதற்கு மலாயில் அப்படிச் சொல்வார்கள். மாலையில் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிடுவார், “லாவாஸா?” “லாவாஸ், லாவாஸ்” என்பார் அம்மா. அப்பாவின் முகம் அப்போது, லாரி சாவி மறுபடி கைக்கு வந்தமாதிரி மலரும். எந்தக் காயில் குணம் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் பசாருக்குக் கிளம்புவார்.

அவர் அறியாதது ஒன்று இருந்தது. விடியுமுன் கிளம்பும் அந்த பஸ், சிங்கப்பூருக்குக் கடக்கிற ஜொகூர் பாலத்தில் ஜாமில் மாட்டினால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நடுப்பாலத்தில் ‘அவசரம்’ என்றால் இறங்கி எங்கே போவது? அதனால் அந்த பஸ்ஸில் போன பெண்கள் பலர் வாய் நனைப்பதோடு சரி. வேலை இடத்திலும் அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைப்பான் என்று அம்மா அடக்கியே பழகிவிட்டார். அப்பா கொதிக்கவைத்து ஆற்றி நிரப்பிக் கொடுத்த போத்தல் தண்ணீரை, பஸ் ஏறுமுன் சாலையோர ‘லோங்கா’வில், அந்தச் சாக்கடையில், சாய்த்துவிடுவார். “சொன்னா வேலைய விடுன்னுவாரு மிஸ்ஸி, அப்புறம் வீட்டு வாடகைக்கு எங்க போறது?” என்று அன்று வார்டில் தாதியிடம் சொன்னார்.

கடைசியில் வலியில் சுருண்டு விழுந்து அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, தாதியிடம் சொன்னதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் விளக்கினார். நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊறினால்தான் குடலில் இளகி நகரும். தண்ணீர் இல்லாமல் அதையே அள்ளி அள்ளிப் போட்டால் காய்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா, “அப்ப நான்தான் அடைச்சிருக்கேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். மறுபடி அதே பஸ்ஸில் வேலைக்கும் போனார். அப்பா அடுப்பு பற்றவைக்கவில்லை. கடையில் ‘தாப்பாவ்’ கட்டிவந்த பொட்டலங்களைப் பிரித்து வைத்துவிட்டு முன்கதவருகே போய் உட்கார்ந்துகொள்வார். “ஒரு கீரை கடைஞ்சு குடுங்களேன், நாக்கு கேக்குது” என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். “எனக்கு என்னா தெரியும்” என்பார் அப்பா. மாலையில் அம்மா செருப்பைக் கழற்றும்போது வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சில வருஷங்கள் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்பா இறந்துபோனார்.

அந்தப் பசார் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் நார்ச்சத்து என்று பெரிதாக அச்சடித்த ஓட்ஸ் டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்காக நானும் வாங்குகிறேன். முற்றிய காயைத் தேடித் தேடிப் பொறுக்குகிற ஆளை எங்கேயும் பார்ப்பதில்லை. அந்த வார்டு மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று தாதியிடம் ‘தண்ணியே குடிக்கமாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிய அம்மா, வாசலில் அப்பாவைக் கண்டதும் பதறி எழுந்து, பக்கத்து மேசையில் இருந்த குவளையை இரண்டு கையாலும் எடுத்து, அவர் கண்ணைப் பார்த்தபடியே, கழுத்தெல்லாம் வழிய வழிய, மூச்சுவிடாமல் அந்தத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.