சந்தனம் காயாத சக்கரம்

நைனா பிரேக்கை மிதித்தால் எங்கள் கார் வலது பக்கம் இழுக்கும். அதனால் அவர் கால் நகர்வதைப் பார்த்ததுமே உள்ளே இருக்கிற நாங்கள் எல்லோரும் இடது பக்கம் சாய்ந்துகொள்வோம். நாங்கள் சாய்வதால்தான் கார் நேராகப் போகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மகனுடைய காரில் பிரேக் போட்டால் என்னை அறியாமல் சாய்கிறேனாம். மருமகள் சொல்லிச் சிரிக்கிறாள்.

அது கறுப்புக் கார். எத்தனை கை மாறி நைனாவிடம் வந்ததோ தெரியாது. திருத்தணி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் இறங்குகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்த் திரும்புவதுதான் அதற்கு வேலை. ஸ்டேஷன் வாசல் ஜட்காக்காரர்கள் அதற்குக் கோணவண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். நைனாவோ அதை மரியாதையாகத்தான் சொல்வார். "அவங்களுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்பார். அம்மாவுக்கு ஜுரம் வந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். எதற்குச் சொல்கிறார் என்று நாங்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் வாயைத் திறக்காத பெண் என்பதால் வண்டியில் வருகிறவர்களுக்குத் தொந்தரவு கிடையாது. எனக்கும் ஒரு வேலை உண்டு. மலைமேலே ஜனங்களை இறக்கிவிட்டுத் திரும்புவதற்கு முன்னால், நாலு சக்கரத்துக்கும் நடுவில், நட்டுகளுக்கு மத்தியில், சந்தனம் வைத்துக் குங்குமம் இட வேண்டும். மொட்டை போடுகிற இடத்தில் ஒரு கிண்ணம் சந்தனம் சும்மாவே கொடுப்பார்கள்.

எனக்குப் பிறகு ரொம்ப நாள் கழித்துத் தம்பி பிறந்தான். தைக் கிருத்திகைக்கு அவனுக்கு மொட்டை என்று முடிவானது. "என் புள்ளைக்கு மொட்டை, என் வண்டியில" என்று நைனா ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அம்மையார்குப்பத்திலிருந்து அம்மாவின் சனமெல்லாம் வருவதாக ஏற்பாடு. பெண்ணைக் கொடுத்தபோது, தறியை விட்டுவிட்டு கார் ஓட்டப் போகிறானாமே என்று மூக்கைச் சுளித்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணெதிரே தன் காரில் தன் பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது நைனாவின் ஆசை.

அதற்குள் வலது பக்கம் இழுப்பதைச் சரிசெய்துவிடலாம் என்று மெக்கானிக்கிடம் விட்டார். வலது சக்கரம்தான் வெடுக்கென்று பிடிக்கிறது, அதைத் தளர்த்தினால் போதும் என்று மெக்கானிக் தளர்த்திக் கொடுத்தார். கார் நேராகப் போயிற்று. ஆனால் நிற்கவில்லை. தம்பிக்குப் புதுச்சட்டை எடுக்க நாங்கள் கடைத்தெருவுக்குப் போனபோது எதிரில் ஒரு கரும்பு வண்டி குறுக்கே திரும்பியது. நைனா மிதித்தார், மறுபடி மிதித்தார். கார் யாருக்கும் வலிக்காத மாதிரி மெதுவாகப் போய்க் கரும்புக்குள் நுழைந்து நின்றது. ஜன்னல் வழியாக வந்த கரும்பு அம்மாவின் காதோரமாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்தார். "இன்னா சாமி, கரும்பு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டனா?"

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் சொன்னாள். "எம்புள்ளைய நான் படியேறியே தூக்கிகினு போறேன். நீங்க வேணும்னா உங்க அவங்களக் கூட்டிகினு மேல வந்து நில்லுங்க."

நைனா வலது சக்கரத்தைப் பழையபடி இறுக்கச் சொன்னார். கார் நின்றது. கூடவே இழுப்பும் வந்துவிட்டது. சவாரியை நிறுத்த முடியாது என்பதால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து ஓட்டினார்.

கிருத்திகைக்கு முன்னாலேயே மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மடியில் உட்காரவைத்து மொட்டை போட வேண்டியவர் அவர்தான் என்பதால் வீட்டில் அவருக்கு ராஜ மரியாதை. வந்த கையோடு தன்னுடைய வேண்டுதலை முடித்துவிடுகிறேன் என்று மலைக்குப் போய் மொட்டை அடித்து வந்தார். பிறகு தினமும் மழமழவென்றிருந்த தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். எழுந்திருப்பது சாப்பாட்டுக்கும் யோசனை சொல்வதற்கும்தான்.

ஒருநாள் கார் மலையிலிருந்து வந்து நின்றதும் வலது பக்கத்து முன்சக்கரத்தில் கையை வைத்துவிட்டு உதறியபடி மாமா நைனாவைக் கூப்பிட்டார். "ஐயோ பாவா! இதுக்கு ஜொரம் அடிக்குது. இந்த வீலுதான் திருட்டுப் பய. இதப் புடிச்சி ஒதைச்சா எல்லாம் நேராயிடும்." நைனாவும் அதை நம்பி, பாவம், மறுபடி வலது சக்கரத்தையே கழற்றிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நான் பார்த்தது வேறு. மலைமேலே நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி சந்தனம் வைக்கிறேன். கீழே வந்து பார்த்தால் வலது முன்சக்கரத்துச் சந்தனம் காய்ந்து, வெடித்து, உதிர்ந்து போயிருக்கிறது. பின்சக்கரங்களிலும் வெளுத்துக் காய்ந்துவிடுகிறது. இடது முன்சக்கரத்தில் மட்டும் வைத்தது வைத்தபடி, ஈரமாக, குங்குமம் கூடக் கலையாமல் இருக்கிறது. மறுதடவையும் அப்படியே. முருகனுக்கு அந்தச் சக்கரத்தின்மேல்தான் பிரியம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதுவும் நான் உட்காருகிற பக்கத்துச் சக்கரம். மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் மத்தியானச் சாப்பாட்டின்போது அம்மாவின் காதில் சொன்னேன்.

மாமாவுக்குப் பாம்புக் காது. "கேட்டியா அக்கா? பாப்பா சொல்றது நெசம்தான். அந்தப் பக்கத்து வீலு பக்திமானு. நானும் தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு கீது. இந்தப் பக்கத்து வீலுதான் பாவம் பண்ணது."

அம்மா காலையிலிருந்து பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. கரண்டியோடு திரும்பினாள்.

"டேய், பொழுது விடிஞ்சதுலேருந்து அடுப்பாண்ட வெந்துகினு கீறனே, என்னத் தொட்டுப் பாரு. நானும்தான் சுடுவேன். வேல செய்றது சுடும்டா. ஒண்ணும் செய்யாம குந்திகினு கீறதுதான் சந்தனங்கூடக் காயாம ஜில்லுனு இருக்கும். உன் மண்டையாட்டம்!"

மாமா இளித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. பிசைந்த சோறு கையில் அப்படியே நிற்க, அம்மாவைப் பார்த்தார். பிறகு மாமாவின் மண்டையைப் பார்த்தார். கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"இன்னா பாவா, சோறு?" என்றார் மாமா.

"நீ துன்னு."

மெக்கானிக் வந்து இடது முன்சக்கரத்தைத் திறந்தார். யாரும் அதுவரை அதைத் திறந்ததில்லை. உள்ளே துருப்பிடித்து எல்லாம் இறுகிக் கிடந்தது. "அண்ணே, இந்தப் பக்கத்து பிரேக்கு வேல செஞ்சே ரொம்ப நாளாயிருக்கும்ணே. பாரமெல்லாம் அந்தப் பக்கத்து வீலே இழுத்துகினு கீது. நம்ம அதையே போட்டு நோண்டிகினு இருந்தோம்" என்றார். மாமா துண்டை எடுத்துத் தலையிலிருந்த சந்தனத்தை மெல்லத் துடைத்துக்கொண்டார்.

கெட்டுப்போன சாமான்களை மாற்றிப் பூட்டியதும் மெக்கானிக் நைனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "மலையில எறக்கிப் பாத்தாதாண்ணே தெரியும். ஆள ஏத்தாதீங்க. மொதல்ல நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

அம்மா காதில் அது விழுந்தது.

மொட்டைக்கு முதல் நாள் காலையில் நைனா காரைக் கிளப்பினார். மாமா தலைக்குக் கரைத்ததில் மீந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நான் வழக்கம்போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "எறங்கு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எறங்குடா கண்ணு" என்றார் மறுபடி. அவர் என்னை இறக்கிவிட்டது அதுதான் முதல் தடவை. சந்தன விஷயத்தை அவரிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன். மாமாவும் ஏறப் போனார். "நீ நாளைக்குப் புள்ளைய மடியில வெச்சிக்கணும்டா. இரு" என்று அவரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்துக்கு நடந்தாள். நானும் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன். நிழல் இருந்தும் அவள் நிழலில் நிற்கவில்லை. வெயிலில் நின்று மேல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா வந்ததும் சண்டை போடத்தான் நிற்கிறாள் என்று எனக்குப் பயம். தம்பி அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அதைக்கூட அவள் விடுவிக்கவில்லை.

கடைசியில் ஹாரன் கேட்டது. வளைவில் கார் வந்தது. இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல், கோடு போட்ட மாதிரி நேராக இறங்கி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றது. நைனா இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தன. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அம்மா தம்பியை என்னிடம் கொடுத்தாள். சுற்றிக்கொண்டு போய் இடது முன்சக்கரத்துக்கு எதிரில் குனிந்து, நட்டுகளுக்கு நடுவில் உள்ளங்கை முழுவதையும் வைத்தாள்.

"ஸ்ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் சிரித்தாள்.

"சுடுதுங்க" என்றாள்.

"சுடுதா?"

"ஆங். நல்லா சுடுது."

நைனா அப்போதுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

அம்மா கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் அவள் உள்ளங்கையில் கிண்ணத்துச் சந்தனத்தை வழித்துப் பூசிவிட்டுப் பின்சீட்டில் ஏறினேன். வீட்டு வாசலில் நைனா பிரேக்கை மிதித்தார். கார் நேராக நின்றது. பழக்கத்தில் இடது பக்கம் சாய்ந்த நான் மட்டும் கதவில் போய் இடித்துக்கொண்டேன்.

கை சிவந்துபோன ஒருத்தி ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்யவில்லை. நைனா காலையில் என்னை இறக்கிவிட்டார், இப்போது என் இடத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இருந்த துக்கமெல்லாம் அதுதான்.