மார்கழியில் மக்கர் செய்த பேட்டரி

இன்று காலை சாவியைத் திருப்பினேன். கார் ‘டிக் டிக்’ என்றதோடு சரி. வேலூரிலும் மார்கழிக் குளிர் உண்டு, வெயிலூர் என்று கேலி செய்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். பேட்டரிக் கடைக்காரர் வந்து புதியதை மாட்டிவிட்டு, “இதுல தண்ணி ஊத்துற வேலையே இல்ல சார், மறந்துடுங்க” என்றார். பழையதைத் தூக்கியபோது ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. எப்படி மறப்பது?

பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஆலங்காயத்தில் குடியிருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தில் ஒரு தையல் தப்பினாலும் தூக்கிப் போடுவேன், அவ்வளவு கறார். சொந்த விஷயத்தில் அந்தக் கறாரெல்லாம் கிடையாது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய காரின் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முனைகளில் பூத்த பச்சை உப்பைச் சுரண்ட வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைப்பேன். சாப்பிட்டதும் தூங்கிவிடுவேன்.

ஒருநாள் விடிந்தும் விடியாத பனியில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கதவைத் தட்டினார். “தம்பி, அவுருக்கு மூச்சு வாங்குது. மருந்து அடிச்சும் கேக்கல. வண்டிய எடு.”

அவர் கணவர் தாஸ் அண்ணனுக்கு ஆஸ்துமா. பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்தவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடியும் டிக்.

அக்கா வெந்நீர் கொண்டுவந்தார். முனைகளில் ஊற்றி, உப்பு கரைந்ததும் திருகை இறுக்கினேன். மோட்டார் ஒருமுறை முனகி அடங்கிவிட்டது. “இன்னா தம்பி ஆச்சு?” என்றார் அக்கா. மறுபடியும் சாவியைத் திருப்பினேன், அந்த முனகலும் வரவில்லை.

தெருமுனையில் எங்கள் கம்பெனி வேனுக்காகத் தையல் பிரிவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முந்தின நாள்தான் அவர்களில் மேரி தைத்த வேலை முழுவதையும் ரிஜெக்ட் செய்து, எல்லார் முன்னாலும் கத்தியிருந்தேன். போய்க் கேட்க முகமில்லாமல் நின்றேன். அக்கா ஓடினார். மேரிதான் முதலில் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

“சார், உள்ள ஏறுங்க. ரெண்டாவது கியர் போடுங்க. சொல்றப்ப கிளச்ச வுடுங்க.”

தள்ளினார்கள். கார் குலுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்து வேன் வந்தது. “வர்றீங்களா இல்லியா?” என்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருத்தியும் திரும்பவில்லை. வேன் போய்விட்டது. எனக்குப் பின்னால் தாஸ் அண்ணனின் மூச்சு விசில் போலக் கேட்டது, இடையிடையே அதுவும் நின்றது.

“இப்ப வுடுங்க சார்!”

இன்ஜின் உதறிக்கொண்டு பிடித்தது.

வாணியம்பாடி வரை, எங்கே நின்றுவிடுமோ என்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் இன்ஜினை அணைக்கப் பயந்து ஓடவிட்டபடியே அவரை இறக்கினேன். “இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா…” என்று இழுத்தார் டாக்டர். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

மத்தியானம் கம்பெனிக்குப் போனால், அத்தனை பெண்களுக்கும் லேட் மார்க். மேனேஜரிடம், “என் காரத் தள்ளினதாலதான் லேட்டு சார், என் பேர்ல போட்டுக்குங்க” என்றேன். முறைத்துவிட்டு அழித்தார். மேரியிடம் நன்றி சொல்லப் போனேன். அவள் மெஷினிலிருந்து தலை நிமிராமல், “அண்ணன் எப்டி இருக்காரு?” என்று கேட்டாள். பிழைத்துவிட்டார் என்றதும், தைத்து முடித்ததை என் கையில் கொடுத்தாள். “பாருங்க சார். பாஸா?” அன்று எனக்குத் தையல் கண்ணில் சரியாகத் தெரியவில்லை.

கம்பெனி மூடி ரொம்ப நாளாகிறது. எஸ்தர் அக்காவும் அண்ணனும் மகளோடு ஓசூர் போய்விட்டார்கள். மேரி திமிரி என்ற ஊர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் தெரியாது. போன வாரம் அதே அதிகாலை நேரத்தில் ஆலங்காயத்தில் அந்தத் தெரு வழியாக வந்தேன். வேனுக்காக நிற்க அங்கே ஒருவரும் இல்லை.