மூக்கு வண்டிக் கட்சிக்காரன்

போன வாரம் என் மகன் புதுக் கார் எடுத்து வந்தான். என்னை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போனான். மெயின் ரோட்டுக்கு வந்ததும் என் காது தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. இப்போது செகண்ட் போடணும், இப்போது தேர்டு என்று அது காத்துக்கிடக்க, வண்டி எதையும் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தது. "ஏம்ப்பா, கியரே போட மாட்டியா?" என்றேன். "இதுல போட வேணாம்ப்பா, அதுவே பாத்துக்கும்" என்று சிரித்தான். நல்ல வண்டிதான், மூட்டுவலிக்காரனான எனக்கு ரொம்பவே ஏற்றது. ஆனாலும் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

காருக்குள் புது ரெக்ஸின் வாசனை. அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். அறுபதுகளில், விருதுநகர் - சிவகாசி ரோட்டில் நீலக் கம்பெனி முதன்முதலாக மொட்டை வண்டி இறக்கியபோது அதற்குள் இதே வாசனைதான் அடித்தது. ஒரு வாரம்தான். அதற்குள் மிளகாய் நெடியும், பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் சேலையில் ஒட்டிவரும் மருந்து வாசனையும் சேர்ந்து புதுசை விரட்டிவிட்டன.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் பட்டாசு லேபிள்களுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதன் சுந்தரபாண்டி, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் குமாஸ்தா. இருவருக்கும் வீடு விருதுநகரில். தினமும் போக வர பஸ்தான். அந்த ரோட்டில் இரண்டு கம்பெனிகள் ஓடின. இரண்டு முதலாளிகளின் பேரன்மாரும் இன்றைக்கும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புக் கம்பெனி வண்டிகளுக்கு எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூக்கு வண்டிகள். நீலக் கம்பெனியின் புது வண்டிகளில் எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே உள்ளே உட்கார்ந்திருக்கும். முகம் தட்டையாக இருப்பதால் அவை மொட்டை வண்டிகள்.

நான் மூக்கு வண்டிக் கட்சி. சுந்தரபாண்டி மொட்டை வண்டிக் கட்சி. தேர்தலில்கூட நாங்கள் இவ்வளவு தீவிரமாகக் கட்சி கட்டியதில்லை.

மூக்கு வண்டியில் கியர் மாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை ஓர் உறுமு உறுமவைத்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடவேண்டும். கணக்குத் தப்பினால் உள்ளே பல்லோடு பல் உரசி, வண்டியே திட்டுவது போல ஒரு சத்தம் வரும். சரியாக விழுந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ராகம். அந்த ராகத்துக்கு நான் அடிமை. மொட்டை வண்டியில் அந்தத் தொல்லையெல்லாம் குறைவு. கியர் ராடு வெண்ணெயில் கத்தி போல இறங்கும். "வண்டின்னா இழுக்கணும்லே, பாடக்கூடாது" என்பான் சுந்தரபாண்டி. "ஒங்க வண்டி இழுக்குற லட்சணத்தத் திருத்தங்கல் மேட்டுல பாப்போம்" என்பேன் நான்.

மேடு என்றதும் மலைப்பாதையை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் தரை உள்ளங்கை போலத் தட்டை. அந்த மேட்டைச் சைக்கிள்காரன் இறங்காமலே மிதித்துவிடுவான். ஆனால் இரண்டு வண்டிகளின் இழுவையை ஒப்பிட எங்களுக்கு வாய்த்தது அது ஒன்றுதான். மேடு நெருங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம். தீபாவளி சீசனில் வண்டி பிதுங்கிப் போகும்போதும் கீழ் கியருக்கு இறங்காமல் ஏறிவிட்டால் அன்று முழுக்க அந்தக் கட்சிக்குக் கொண்டாட்டம். கூட வரும் பெண்கள் இறங்கும்போது, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாரு செயிச்சீக?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வெட்கமில்லாமல் பதில் சொல்வோம்.

இந்தக் கிறுக்கு, சுந்தரபாண்டியின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் கோமதியைப் பார்த்ததிலிருந்து அவன் வேறு எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை. காரியாபட்டியில் பருத்திக்கொட்டை வியாபாரம் செய்கிறவரின் மகள். ஒருவழியாகப் பெண் பார்க்க வரச்சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சீசன் என்பதால் எங்களுக்கு அன்றும் அரைநாள் வேலை. அவன் அம்மாவும் தாய்மாமனும் காலையிலேயே போய்விட்டார்கள்.

மூன்று மணிக்கு விருதுநகர் ஸ்டாண்டில் சிவப்புக் கம்பெனி மூக்கு வண்டி காரியாபட்டிக்குப் புறப்பட்டு நின்றது. நான் படியில் கால் வைத்துவிட்டேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எறங்குலே. இந்தக் கியர்பாக்ஸ நம்பிப் பொண்ணு பாக்கப் போறதா? பின்னாலயே மொட்டை வண்டி இருக்கு. கல்குறிச்சிக்கு முன்னாடியே இத முந்திரும்." கெஞ்சினேன், திட்டினேன். மூக்கு வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மொட்டை வண்டி வந்தது. ஆனால் அதன் தலையில் மிளகாய் மூடைகளை ஏற்ற ஆரம்பித்தவர்கள் நாலு மணிவரை ஏற்றினார்கள். கிளம்பிய பிறகு வண்டி பறந்தது உண்மை. அதைவிட, இந்த மனிதன் கடிகாரத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு கியருக்கும் என் தொடையில் தட்டி, "கேட்டியா? கேட்டியா?" என்று பூரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டிருந்தது. பெண்ணின் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டார். வண்டி பஞ்சர் என்று நான் வாயெடுப்பதற்குள் சுந்தரபாண்டி உண்மையைச் சொல்லிவிட்டான்.

"மொத வண்டிய விட்டுட்டோம் மாமா. அதுக்குக் கியர்பாக்ஸ் சரியில்ல."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வண்டியில ஏற வந்தீகளா, வண்டிய வெலைக்கு வாங்க வந்தீகளா?"

ஆறு மணிவரை பெண் வெளியே வராது என்றார். பிறகு தாய்மாமனைத் தள்ளிக் கூட்டிப்போய், "பையன் வெளையாட்டுப் பிள்ளையால்ல இருக்கான். வேற எடம் பாத்துக்கிடுவோம்" என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. சுந்தரபாண்டி தலை குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுவிடுவானோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த வீடு ரோட்டை ஒட்டினாற்போல இருந்தது. வெளியே ஏதோ ஒரு வண்டி வேகம் குறைத்து வரும் சத்தம் கேட்டது. குனிந்த தலை தானாக நிமிர்ந்தது. "செகண்டு" என்றான் மெதுவாக. எனக்குப் பொறுக்குமா? "தேர்டுலே" என்றேன். "செகண்டு." "தேர்டு."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், அடக்கமாட்டாமல், கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "ரெண்டுமில்ல. நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வாராரு. டீசல் மிச்சம் பிடிக்காரு."

உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அப்பா ஒரு நிமிஷம் முறைப்பாக நின்றவர், தலையில் கை வைத்துக்கொண்டு தானும் சிரித்துவிட்டார். "இதுக்கும் இதே கிறுக்குத்தான். அடுப்படியில இருந்துகிட்டே எந்த வண்டி வருதுன்னு சொல்லும்." சுந்தரபாண்டியின் அம்மாதான் கெட்டிக்காரி. "அப்ப ரெண்டும் ஒரே வீட்டுல கெடந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. எதுக்கு ரெண்டு வீடு சீரழியணும்?" என்றார்.

ஆறு மணிக்குக் கோமதி காபி கொண்டுவந்தாள். ஏதாவது கேளுப்பா என்று எல்லோரும் தூண்டியதில் அவன் ஒரே கேள்வி கேட்டான். "ஒங்களுக்கு எது பிடிக்கும், மூக்கு வண்டியா, மொட்டை வண்டியா?"

"மூக்கு வண்டி" என்றாள், தலை நிமிராமல்.

அவன் முகம் தொங்கியதையும் என் முகம் மலர்ந்ததையும் சொல்லி முடியாது. காபியைக் குடித்து முடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றான். தை மாதம் கல்யாணம்.

பிறகு எத்தனையோ வருஷம், அந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் இருவர் ஒரு பக்கம், அவன் ஒருவன் ஒரு பக்கம். ஒருநாளும் அவன் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வயிறு குலுங்கச் சிரிக்கிறேன்.

இரண்டு கம்பெனிகளும் போய்விட்டன. அந்த வண்டிகள் எந்த இரும்புக் கடையில் உருகினவோ தெரியாது. திருத்தங்கல் மேட்டை இன்றைய வண்டிகள் மேடு என்றே மதிப்பதில்லை. சுந்தரபாண்டியும் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குச் சில மாதம் கழித்துக் கோமதியைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "என்ன இருந்தாலும் மூக்கு வண்டி மாதிரி வராது தங்கச்சி" என்று ஆரம்பித்தேன். நாங்கள் ஒரே கட்சி அல்லவா.

"இல்லண்ணே. மொட்டை வண்டிதான் வண்டி. மேட்டுல அதுக்கு முன்னாடி எது நிக்கும்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தங்கச்சி, கட்சி மாறிட்டே?"

"அவுக பக்கம் பேச ஆளு வேணும்லண்ணே" என்றாள்.

நானும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தேன். விட்டுக்கொடுத்திருந்தால் சுந்தரபாண்டிக்குப் பிடித்திருக்காது.