எண் இல்லாத வரி

ஒரு பெட்டி வழி தவறினால் அதைப் பராமரிப்பவரை வேலையை விட்டுத் துரத்துவீர்களா? எங்கள் மருத்துவமனையில் துரத்தப் பார்த்தார்கள்.

அவரை எல்லோரும் ரூட்டு அக்கா என்போம். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்குப் பக்கத்தில் இருக்கும், மருத்துவமனை இன்டர்நெட்டுக்கு வழிகாட்டும் லினக்ஸ் கணினிப் பெட்டிதான் அவர் பொறுப்பு. தகவல்கள் வெளியே போக இரண்டு வழிகள்: வேகமான கேபிள், தவழும் வயர்லெஸ். பெட்டியில் ஓடும் புரோகிராம் பக்கத்து ரூட்டர்களை விசாரித்து, நல்ல வழிக்கு இருபது என்று எண் போட்டு லினக்ஸிடம் கொடுக்கும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னுரிமை.

இரண்டு வாரமாக ஸ்கேன் படங்கள் வெளியூர் நிபுணரிடம் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனது. கண்காணிப்பாளர் அக்காவுக்கு மெமோ கொடுத்தார்: நான்கு மணிக்குள் காரணம் சொல்லாவிட்டால் பணிநீக்கம். இத்தனைக்கும் பெட்டியின் பாஸ்வேர்ட் அக்கா கையில் இல்லை. 'ஆலோசகர்' என்ற பெயரில் வந்த கண்காணிப்பாளரின் மைத்துனர் அதை மாற்றி வைத்திருந்தார். மெமோவோடுதான் அது அக்காவுக்குக் கிடைத்தது.

அக்கா பெட்டியின் வழிப் பட்டியலைத் திறந்தார். புரோகிராம் ஒழுங்காகக் கேபிளைத்தான் சொல்லியிருந்தது. அதற்கு மேலே வயர்லெஸைக் காட்டி, எண்ணே இல்லாமல், யாரோ கையால் எழுதிய ஒரு வரி உட்கார்ந்திருந்தது. எண் இல்லாவிட்டால் லினக்ஸ் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். விசாரித்து, தகுதி பார்த்து வந்த இருபது வாசலில் நிற்க, சிபாரிசில் வந்த பூஜ்யம் நாற்காலியைப் பிடித்துவிட்டது.

மூன்றரை மணிக்குக் கண்காணிப்பாளர் அறை. மைத்துனரும் அங்கே இருக்க, அக்கா கேட்டார்:

"இந்த வரிய யாரு சார் போட்டது?"

"நான்தான்," என்றார் மைத்துனர். "அன்னைக்கு கேபிள் அறுந்துபோச்சு, மாமாவுக்கு மீட்டிங். அவசரத்துக்குப் போட்டேன். நம்பர்கூட குடுக்கலையே, கடைசிலதான நிக்கும்?"

"கேபிள் மறுநாளே சரியாயிடுச்சு தம்பி. உங்க வரிதான் இன்னும் எந்திரிக்கல."

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "சரி, அத எடுத்துடு. ஆனா என் ரூமுக்கு மட்டும் தனியா கேபிள் வழி போடு. இருக்கறதிலேயே பெரிய நம்பரா குடு."

"பெரிய நம்பரா சார்? நல்லா யோசிச்சுக்கங்க."

"ஏன், நான் என்ன சின்ன ஆளா?"

"அப்போ எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதியே கொடுத்தார்.

வரியை நீக்கியதும் ஸ்கேன்கள் நிமிடத்தில் பறந்தன. கண்காணிப்பாளர் அறையில் மட்டும் கேபிளுக்கு மாபெரும் எண், வயர்லெஸுக்குச் சின்ன எண். அவர் மீட்டிங்கில் பேசத் தொடங்கினால் முகம் உறைந்து, வாய் பிளந்தபடி நிற்கிறதாம்.

வேலை தப்பியது. மெமோவை மட்டும் திரும்பப் பெற மறுக்கிறார்கள். அது கோப்பில் இருக்கும்வரை அக்காவுக்குப் பதவி உயர்வு இல்லை. அதை ரத்து செய்யக் கோரும் மனு ஸ்கேன் அறை மேசையில் இருக்கிறது. இந்த வாரமே வந்து கையெழுத்துப் போடுங்கள்.